சத்தமில்லாமல் பார்த்த ஜப்பான் படங்கள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் முயல்குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எப்படி எழுதுவது? புதன்கிழமை அழுதுகொண்டே போனை வைத்தவள்தான், அதற்குப் பிறகு நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், எடுக்கவே இல்லை. எடுத்தாலும் "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றிருக்கிறான். பக்கத்தை மாற்றி அனுப்பினால் அவனைத் திட்டு. என்னைத் திட்ட உனக்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

வீட்டுச் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். நீ உன் கடையிலிருந்து அனுப்பிய கண்ணாடி அப்பாவுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. போட்டுக்கொண்டு முதல் வேலையாக என் தலையை உற்றுப் பார்த்துவிட்டு "உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?" என்று கேட்கிறார். கழற்றி வையுங்கள், நீங்கள் மீட்டரைப் பார்த்தால் போதும், என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற மனிதர், நம் சமையலறைக் குழாய் சொட்டுவதை மட்டும் அவர் கண்ணும் பார்க்காது காதும் கேட்காது. உன் தம்பி வேலை செய்கிற போன் கடையை இரண்டு கடை தள்ளி மாற்றியிருக்கிறார்கள், அதற்கே ஊர் மாறிப் போனவன் மாதிரி அலுத்துக்கொள்கிறான். எனக்கு மட்டும் கழுத்து வலி, வழக்கம்போல. அந்தக் கழுத்து வலிக்கும் உன் அழுகைக்கும் ஒரே காரணம்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது, பொறுமையாகப் படி.

நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கும் தெளிவாகட்டும். நீ கல்யாணம் ஆகிப் போன நாளிலிருந்து உன்னிடம் முயல்குட்டி சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூத்த தாரத்தின் மகள், பெற்ற அம்மாவைப் பறிகொடுத்த எட்டு வயசுக் குழந்தை, உடனே வந்து மடியில் உட்கார்ந்துவிடுமா என்று நான் உனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். போன மாதம் நீ கேட்டாய், "அவ எப்பப் பாத்தாலும் அந்த ஜப்பான் அனிமேஷன் படத்தயே பாத்துட்டிருக்காம்மா, கூட உக்காரலாம்னா எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது, எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "அட, அதுல நான் புலியாச்சே, என்னைக் கேளு" என்று மார் தட்டிக்கொண்டு, பச்சை மழைக்கோட்டுப் படத்தை முதலில் போடு, அம்மா ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற கதை, குழந்தைக்கு இதமாக இருக்கும் என்று சொன்னேன். நீயும் என்னை நம்பிப் போட்டாய். படத்தில் அம்மா செத்துப்போனாள். முயல்குட்டி தேம்பி அழுதது, நீ பதறிப்போய் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாய், அது எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு உன்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "வேணும்னே செஞ்ச மாதிரி ஆயிடுச்சும்மா" என்று நீ அழுதாய். அதோடு, அந்தக் குழந்தையின் பெரியம்மா, எங்களோடு இருக்கட்டும், இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள், இனிமேல் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை, சரி என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாய். யாரோ ஒரு படம் எடுக்க, அதை நான் தப்பாகச் சொல்ல, அதனால் ஒரு குழந்தை வீடு மாறுவதா?

இப்போது நான் எப்படிப் புலியானேன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரி. நீ இங்கிருந்து போன பிறகு நான் உதவிக்கு நிற்கிற பல் டாக்டரம்மா தன் கிளினிக்கில் ஒரு மாறுதல் செய்தார். குழந்தைகள் நாற்காலியில் சாய்ந்து படுத்தால் அண்ணாந்து பார்க்கும்படி கூரையில் டிவி மாட்டினார். முதலில் போட்ட கார்ட்டூன்கள் எல்லாம் ஒரே ஓட்டம், துரத்தல், குழந்தைகளும் கூடவே தலையை ஆட்டும், டாக்டரம்மா ஊசியை வைத்துக்கொண்டு தவிப்பார். உன் தம்பிதான் ஜப்பான் படங்கள் ஒரு பென்டிரைவ் நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் யாருக்கும் அவசரமே கிடையாது. கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதை மட்டும் எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் தெரியுமா, பிறகு ஜன்னல், பிறகு புல் அசைவது, குழந்தை அப்படியே அடங்கிக் கிடக்கும். அங்கிருந்துதான் எனக்கும் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா பல்லைப் பார்ப்பார், நான் எச்சில் உறிஞ்சுகிற குழாயைக் குழந்தையின் வாயில் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். "தலைய நீட்டாதம்மா, லைட்டு மறைக்குது" என்று தினமும் எனக்குத் திட்டு விழும். கழுத்து வலி எங்கே வந்தது என்று புரிகிறதா?

ஒரு சின்ன சங்கதி மட்டும் உன்னிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அந்த டிவிக்குச் சத்தம் கிடையாது. டாக்டரம்மா வேலை செய்யும்போது தானே பாடிக்கொண்டு வேலை செய்கிறவர், குறுக்கே வேறு சத்தம் கேட்டால் அவருக்குச் சுருதி போய்விடும். ஆக நான் பார்த்த அத்தனை படமும் டிரில் மிஷின் சத்தத்தோடும் டாக்டரம்மா பாட்டோடும் பார்த்தது. அதுவும் முழுசாகவா? ஒரு குழந்தைக்குப் பல் சுத்தம் செய்கிற நேரத்தில் முதல் கொஞ்சம், அடுத்த குழந்தைக்கு நடுவில் கொஞ்சம், பல் அடைக்கிற சிமென்ட் குழைக்கத் திரும்பினால் நான்கு காட்சி போய்விடும். மிச்சத்தை நானே மனசுக்குள் தைத்துக்கொள்வேன். ஊமைப் படத்துக்கு நான் கதை வசனம் எழுதி, அதை உனக்குச் சிபாரிசு வேறு செய்திருக்கிறேன் பார், என்ன தைரியம் எனக்கு!

எங்கள் கிளினிக்கில் படங்களுக்கு மார்க் போடுகிற முறையே வேறு. எந்தப் படத்துக்குக் குழந்தையின் வாய் தானாகத் திறக்கிறதோ அதுதான் நல்ல படம். மேகங்களைப் பிழிந்து கொடியில் காயப்போடுகிற ஒரு சலவைக்காரப் பையனின் படம் இருக்கிறது, அதைப் போட்டால் "ஆ காட்டு" என்று சொல்லவே வேண்டாம், கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும், நூற்றுக்கு நூறு. குடை ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஆக்டோபஸ் படம் ரொம்ப அருமையான படம், ஆனால் எட்டுக் கைக்கும் எட்டுக் குடை சிக்கிக்கொள்கிற இடத்தில் ஒரு வாண்டு சிரித்த சிரிப்பில் டாக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டான், அன்றோடு அதற்குத் தடை. இரும்பு மனிதர்கள் சண்டை போடுகிற படத்துக்குக் குழந்தைகள் காலை உதைக்கும், என் தட்டு பறக்கும், அதுவும் கிடையாது. அழ வைக்கிற படத்தை எப்படிக் கண்டுபிடிப்போம் என்றால், குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும், வாயால் மூச்சு விடவேண்டி வரும், வேலை நின்றுபோகும். பச்சை மழைக்கோட்டுப் படத்துக்கு ஒரு குழந்தைக்கும் மூக்கு அடைத்ததில்லை, அதை வைத்துத்தான் அது பயமில்லாத படம் என்று நம்பினேன். சத்தம் இல்லாததால் அடைக்கவில்லை என்று எனக்கு எங்கே உறைத்தது?

அந்தப் படத்தில் நான் பார்த்தது இவ்வளவுதான். மலை மேல் ஒரு வானிலை நிலையம், அங்கே வேலை செய்கிற அம்மா, அவளுக்கு ஒரு பச்சை மழைக்கோட்டு, ஒரு சின்னப் பெண். அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். பிறகு ஒரு வெள்ளைப் படுக்கையில் படுத்திருக்கிறாள், பக்கத்தில் பூ வைத்திருக்கிறது, நல்ல ஓட்டல் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதே. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கிளினிக்கில் நிற்கிற எனக்கு அது ஆஸ்பத்திரி என்று தெரியவில்லை. கடைசியில் அதே பச்சை மழைக்கோட்டில் அம்மா வயல் வழியாக வருகிறாள், பெண் ஓடுகிறது, முடிந்தது. ஊருக்குப் போனாள், ஓட்டலில் தங்கினாள், வந்துவிட்டாள். இதுதான் நான் உனக்குச் சொன்ன கதை.

நீ போனை வைத்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, மத்தியானம் சாப்பிட்டதும் உன் தம்பியை விட்டு அந்தப் படத்தை நம் வீட்டு டிவியில் போடச் சொன்னேன், சத்தத்தோடு, கீழே எழுத்தும் ஓட. அப்பா "இந்த வயசுல கார்ட்டூனா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். வழக்கமாகப் படம் ஆரம்பித்துப் பேர் ஓடி முடிவதற்குள் குறட்டை விடுகிறவர், இன்றைக்குக் கண்ணை இமைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் எழுந்துபோய்ப் பூட்டின கேட்டைத் திரும்பவும் பூட்டிவிட்டு வந்தார். நான் முந்தானையை எடுத்துக்கொண்டேன், எனக்கென்ன வெட்கம், நன்றாக அழுதேன். அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். ஆனால் படம் அங்கே முடியவில்லை கண்ணு. நீ நிறுத்தினாயே, அதற்குப் பிறகு பாதிப் படம் இருக்கிறது. கடைசியில் வயல் வழியாக வருகிற அந்தப் பச்சை மழைக்கோட்டு (ஓரத்தில் பிறகு எழுதுவது: இந்த இடத்தில் ஐந்து வரி அடித்திருக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன். போனில் பெரிதாக்கிப் பார்க்காதே, நீ செய்வாய் என்று தெரிந்துதான் பேனாவை அழுத்தி அடித்திருக்கிறேன்.) நான் நினைத்த மாதிரி இல்லை. நான் கதையைத் தப்பாக நினைத்துச் சொன்ன படம்தான், ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் அதைவிடப் பொருத்தமான படம் அந்தப் பென்டிரைவில் வேறு இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. முயல்குட்டி அழுததே, நிறுத்தச் சொல்லிச்சா? எங்கள் டாக்டரம்மா எந்தக் குழந்தையிடமும் முதலில் ஒன்று சொல்வார், "வலிச்சா கையத் தூக்கு, உடனே நிறுத்திடறேன்" என்று. கை தூக்கினால் அந்த நொடியே நிறுத்துவார். வெறுமனே கண்ணீர் வந்தால் நிறுத்த மாட்டார், கன்னத்தைத் துடைத்துவிட்டுப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாகப் பாடுவார். ஆரம்பத்தில் எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்திருக்கிறது, என்ன கல் மனசு என்று. அப்புறம் பார்த்தால், பாதியில் எழுப்பிவிடப்பட்ட குழந்தைதான் அடுத்த தடவை வாசல்படியிலேயே நின்று அலறும். அழுது முடித்துவிட்டுப் போன குழந்தை நாற்காலியில் தானே ஏறிப் படுத்துக்கொள்ளும். நீ நிறுத்தினது பாசத்தில்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் குழந்தைக்கு என்ன தோன்றியிருக்கும், என் அம்மா மாதிரி ஒருத்தி செத்துப்போகிற இடத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது, அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை என்றுதானே?

இனிமேல் குழந்தையோடு படம் பார்க்க உட்கார்ந்தால் சிலதைக் கவனித்துக்கொள். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிற இடத்தில் எழுந்து துணி மடிக்கப் போகாதே, போனைத் தொடாதே, அந்தப் படங்களில் எல்லாம் அந்த இடத்தில்தான் நடக்கும். இது யார், அது ஏன் என்று வரிக்கு வரி கேட்காதே, எனக்குத் தெரியும் உன் சுபாவம், சீரியல் பார்க்கிறபோது என் உயிரை வாங்கினவள் நீ. எல்லார் முகமும் ஒரே மாதிரிதான் தெரியும், கண்ணு பெரிசு, மூக்கு ஒரு புள்ளி, முடியின் நிறத்தைப் பிடித்துக்கொண்டால் ஆளை அடையாளம் தெரிந்துவிடும். மழைக்கோட்டுக்குப் பிறகு ஆக்டோபஸ் போடு, சிரிக்கட்டும், உன் விரல் பத்திரம். மேகம் காயப்போடுகிறவனை லீவு நாளுக்கு வைத்துக்கொள். அந்தப் படங்களை எல்லாம் அதற்கு நீ சொல்லித் தரப் போகிறாயா என்ன, அதுதான் உனக்குச் சொல்லித் தரும், நீ மாணவியாக உட்கார். புதுசாகப் படம் பார்க்க ஆரம்பித்தவள் நீதான், அது இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன், மாப்பிள்ளை போன் செய்தார். நான் ஒன்றும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார், வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள் அத்தை, நான் நடுவில் தூதுவன் மாதிரி அலைகிறேன் என்று. பேசிக்கொண்டே இருந்தவர் "இருங்க, உங்ககிட்ட பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தார். யார் என்று நினைக்கிறாய்? இத்தனை நாளில் என்னிடம் ஹலோகூடச் சொல்லாத முயல்குட்டி. முதல் கேள்வியே, "பல் பாட்டி, நீங்க அந்தப் படத்த முழுசாப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். "நல்லா முடியுதா?" எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், சொல்ல மாட்டேன் போ என்றேன். அப்புறம், "உங்க பொண்ணும் மிச்சத்தப் பாக்கலல்ல?" என்று கேட்டது. இல்லை என்றேன். "அப்ப எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது" என்று அது சொன்னபோது அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்தது பார், நீ கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் மேலே ஐந்து வரியை அடித்தேன். எங்கள் ரெண்டு பேருக்கும் என்று அந்தக் குழந்தை வாயால் வந்திருக்கிறது, அதில் நான் போய் மண்ணைப் போடுவேனா?

உனக்குக் கோபமாடா, அதனால்தான் அவளோடு பேசவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். "கோபம் இல்ல. நான் அழுதா நிறுத்தணும்னு யார் சொன்னா? நான் அழுதுட்டே பாப்பேன். அவங்கதான் என்னவிட ஜாஸ்தி அழுதாங்க, பயந்துட்டாங்க" என்றது. உன்னைத்தான் சொல்கிறது. நானும் பெரிய மனுஷி மாதிரி, சரி, நான் அவளிடம் சொல்கிறேன், இனிமேல் பயப்படாதே என்று சொல்கிறேன் என்றேன். அத்தோடு போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடும் என்று பார்த்தால் கொடுக்கவில்லை. நீ புதன்கிழமை போனில் என்னிடம் சொன்னது அதன் காதில் விழுந்திருக்கிறது, சுவருக்கும் காது இருக்கிற சின்ன வீடுதானே உன்னுடையது. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டது, "படம் முடியறதுக்கு முன்னாடியே என்னை பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

நான் என்ன சொல்ல வேண்டும், நீயே சொல். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றா? எனக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது, "யாரு அனுப்புறது? என் பொண்ணு அனுப்ப மாட்டா, அவளுக்கு நீ பக்கத்துல இல்லாம அந்தப் படம் புரியவே புரியாது" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன், அதற்குத்தான் என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, படத்துக்காகத் திட்டாதே. பெரியம்மா நல்லவளாகவே இருக்கட்டும், லீவுக்குப் போகட்டும், வரட்டும். ஆனால் பாதியில் எழுப்பிவிடப்பட்ட குழந்தையாக அது உன் வீட்டை விட்டுப் போகக் கூடாது. உன்னை வேண்டாம் என்று நினைக்கிற குழந்தை அனுப்பிடுவாங்களா என்று கேட்காது ராஜாத்தி, எப்போது அனுப்புவாங்க என்று கேட்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே கடைக்குப் போய் அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். குழந்தைக்கு முன்பல் இரண்டும் பெரிசாக வளர்ந்து வருகிறது, படுக்கும்முன் பல் தேய்க்கச் சொல், நீ சொன்னால் கேட்காவிட்டால் பல் பாட்டி கேட்டாள் என்று சொல். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். இந்தக் கடிதம் உன் போனுக்கு வந்து சேர்கிறபோது அந்த அறைக் கதவு சாத்தியிருந்தால் தட்டாதே, ஹாலில் உட்கார்ந்து படத்தை நீ நிறுத்தின இடத்திலிருந்து போடு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்.

அது வந்து உட்கார்ந்ததா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

என்றும் உன்
அம்மா